யோகமலரின் படலம் ஆறிய ஞாயிறு

என் தங்கை யோகமலர் இலங்கையில் லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதுளையில் படித்து, 2001இல் ஜப்பானில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். நான் எட்டாம் வகுப்போடு கொழுந்து பறிக்கப் போனவள். அவள் வேலையை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலம் ஒன்றை உலையில் வளர்க்க வேண்டும். கடுங்குளிரில் வைத்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓட வேண்டும். அவளுடைய நான்கு படலங்களிலும் ஓடவில்லை. ஐந்தாவதும் தவறினால் உலை வேறொருவருக்கு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அவள் லுணுகலையில் காசுக்குத் தொலைபேசி பேசும் கம்யூனிகேஷன் கடைக்கு அழைப்பாள். அம்மாவும் நானும் ஒன்பதுக்கே போய்விடுவோம். பேராசிரியர் அப்படிச் சொன்ன வாரம் அழுதுகொண்டே பேசினாள்.

"ஆக்சிஜன் விட்டு மெதுவா ஆற வைக்கணும் அக்கா. ஞாயித்துக்கிழமைதான் உலை எனக்குக் கிடைக்குது. நீங்க காத்திருப்பீங்களேன்னு பாதி சூட்டிலேயே எடுத்துர்றேன்."

அம்மா ரிசீவரைப் பிடுங்கினார். "கூறு கெட்டவளே! எங்களுக்கு என்ன, காலையில பேர் குடுக்கிற பெரட்டுக்கா நேரமாச்சு? பெஞ்சிலதானே குந்தியிருக்கோம். அது ஆறட்டும், அப்புறம் பேசு."

அடுத்த ஞாயிறு பத்து மணி போய்ப் பன்னிரண்டும் ஆனது.

"மக மறந்துட்டா போல" என்று கடைக்காரர் சீண்டினார்.

"அடுப்புல வேலையா இருக்கா" என்றார் அம்மா.

ஒன்று நாற்பதுக்கு மணி அடித்தது.

"அக்கா, தடை பூச்சியம்!"

"உலை?"

"எனக்குத்தான்!"

அடுத்த வாரத்திலிருந்து நாங்கள் மத்தியானச் சோற்றைக் கட்டிக்கொண்டு போனோம்.