ஜான்சியில் இறங்கியவர்

பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை மாலை. தேனி ரயில் நிலையத்தில் நின்றபோதே எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற வயதா இது? எனக்கு ஐம்பத்தெட்டு, வீட்டுக்காரருக்கு அறுபத்திரண்டு. வடுகபட்டிப் பூண்டு மார்க்கெட்டில் முப்பது வருஷமாகக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். வடக்கத்தி வியாபாரிகளோடு போனில் பேசிப் பேசி, வடநாடே தன் கடைக்குப் பின்வாசல் என்று அவருக்கு நினைப்பு. அவருக்குத் தெரிந்த இந்தி மொத்தமும் பூண்டு விலைதான்.

ரயில்வேயில் சுற்றுப் பயணச் சீட்டு என்று ஒன்று உண்டு. போகிற வழியை எழுதிக் கொடுத்தால் முழுப் பயணத்துக்கும் ஒரே சீட்டு. நடுவில் சில ஊர்களில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். படுக்கையை மட்டும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும். மதுரை, சென்னை, நாக்பூர், போபால், ஆக்ரா, டில்லி, ஜெய்ப்பூர், மும்பை, மறுபடி மதுரை என்று எழுதிக் கொடுத்திருந்தோம். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காகிதமெல்லாம் என் பொறுப்பு. இருவருக்கும் சேர்த்து இருந்த அந்த ஒரே சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைப்பைக்குள் ஊக்கால் குத்தி வைத்துக்கொண்டேன்.

நாக்பூரில் ஒரு நாள். ஆரஞ்சு கிலோ அறுபது ரூபாய். அவர் சந்தைக்குள் புகுந்து மூட்டை மூட்டையாக முகர்ந்து பார்த்துக்கொண்டு திரிந்தார். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். போபாலில் இரண்டு நாள். பெரிய ஏரி, நல்ல குளிர். லாட்ஜ் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று நாற்காலியை முட்டுக்கொடுத்துப் படுத்தேன். அவர் சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகாலுக்கு போபாலில் ஆக்ரா வண்டி ஏறினோம். எதிர் இருக்கையில் விடுப்பு முடிந்து திரும்பும் ராணுவ வீரர் ஒருவர். பெயர் ராகேஷ், நாற்பது வயதிருக்கும். ஊட்டிப் பக்கம் வெலிங்டன் ராணுவ முகாமில் நாலு வருஷம் இருந்தவராம். "தமிழ் கொஞ்சம் தெரியும் அம்மா" என்றார். அப்பாடா என்றிருந்தது.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஜான்சி. வீட்டுக்காரர் தோள் துண்டை எடுத்து இருக்கையில் போட்டார்.

"எங்க கெளம்பிட்டீக?"

"டீ குடிச்சுட்டு வந்துர்றேன். உள்ள கொண்டாந்து விக்கிற டீ வாயில வைக்க வெளங்கல."

"வண்டிய எடுத்துருவாகங்க."

"அதான் துண்டு போட்டுருக்கேன்ல. ஆளு எறங்குனத இவரும் பாத்தாருல்ல? விட்டுட்டா போயிருவாக?"

எங்கள் பக்கத்து ஆள்தான் இப்படிப் பேச முடியும். தேனியில் கம்பம் பஸ்ஸின் ஜன்னல் வழியே துண்டை எறிந்தால் அந்த இடம் நம்முடையது. டீக்கடையில் நின்றாலும் பக்கத்து இருக்கைக்காரர் "ஆளு வருதுண்ணே" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கண்டக்டர் விசில் ஊதமாட்டார். அந்த நம்பிக்கையோடு மனிதர் டில்லிப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்.

பன்னிரண்டு நாற்பத்து மூன்றுக்கு வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. வாசலுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஆட்கள், மூட்டைகள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் நடைமேடை முடிந்து தண்டவாளங்கள்தான் தெரிந்தன. "நிப்பாட்டுங்க, எங்க வீட்டுக்காரரு!" என்று கத்தினேன். தமிழில் கத்தி யாருக்குப் புரியும்? ராகேஷ் எழுந்து வருவதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட்டது. அபாயச் சங்கிலியின் நினைவே எனக்கு வரவில்லை; ஊர் தாண்டிவிட்டது, இனி இழுத்துப் பயனில்லை என்றார் அவர்.

வீட்டுக்காரருடைய போன் ஜன்னலோரம் சார்ஜில் கிடந்தது. பர்ஸ் பைக்குள். சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் இருந்தால் அதிகம். சீட்டு என்னிடம். பரிசோதகர் பிடித்தால் பூண்டு விலையைச் சொல்லியா தப்பிப்பார்? என் போன் நம்பர் அவருக்கு மனப்பாடம் கிடையாது. அவர் இல்லாமல் ஊர் திரும்பினால் மகளிடம் என்ன சொல்வேன்?

ராகேஷ் ரயில்வே உதவி எண்ணுக்குப் பேசினார். ஜான்சியில் அறிவிப்புச் செய்கிறோம் என்றார்களாம். இந்தியில் செய்தால் அவருக்கு என்ன விளங்கும்?

"அம்மா, நீங்க ஆக்ரா போங்க. சார் அடுத்த வண்டியில வருவார்." பெட்டி முழுக்க அதையே சொன்னது.

எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழாதான் ஞாபகம் வந்தது. அந்தக் கூட்டத்துக்குள் நுழையுமுன் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே பேச்சு: பிரிந்துவிட்டால் காணாமல் போனவர் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது, மற்றவர்தான் தேடி வரவேண்டும். இரண்டு பேரும் தேடினால் விடிய விடியத் தேட வேண்டியதுதான்.

"இல்ல தம்பி. அவுக அங்கனதான் நிப்பாக. நான் குவாலியர்ல எறங்கித் திரும்பிப் போறேன்."

"நிச்சயமா அம்மா?"

நிச்சயமெல்லாம் இல்லை. வடநாடு தெரிந்தவர் என்ற வீறாப்பில் அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டால், நான் தெற்கே போக அவர் வடக்கே போவார். ஆனால் ஜான்சியில் அவர் தனியாக நின்றுகொண்டிருக்க, நான் ஆக்ராவில் போய் உட்காருவதை நினைக்கவே முடியவில்லை.

மதியம் ஒன்று ஐம்பத்தைந்துக்குக் குவாலியர். ராகேஷ் இரண்டு பைகளையும் இறக்கிக் கொடுத்து, ஜான்சி வண்டியின் நடைமேடை எண்ணை என் உள்ளங்கையில் எழுதிவிட்டு ஏறிக்கொண்டார். சுற்றுச் சீட்டில் பின்னோக்கிப் போக முடியாது. வரிசையில் நின்று "ஜான்சி, ஒண்ணு" என்று விரலைக் காட்டிப் பொதுப்பெட்டிச் சீட்டு வாங்கினேன். தொண்ணூற்றேழு கிலோமீட்டர் தூரமும் கழிப்பறை வாசலில் நின்றுகொண்டே போனேன். எதிரே ஆக்ரா பக்கம் ஒரு வண்டி கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். அதில் அவர் இருந்துவிடக் கூடாதே என்று கௌமாரியம்மனை வேண்டினேன்.

நாலேகாலுக்கு ஜான்சி. வேறு நடைமேடையில் வண்டி நின்றது. இரண்டு பைகளோடு படியேறி, பாலத்தின் மேலிருந்து ஒவ்வொரு டீக்கடையாகப் பார்த்தேன். மூன்றாவது கடையில் இல்லை. நான்காவது கடைக்குப் பக்கத்துத் தூணருகே, ஒரு போலீஸ்காரர் யாரையோ நகரச் சொல்லிக் கையை வீசிக்கொண்டிருந்தார். நகராமல் நின்றது எங்கள் வீட்டுக்காரர்.

நான் படியிறங்கி ஓடினேன். அருகில் போனதும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வாயில் வந்த வசவெல்லாம் மறந்துபோனது.

"பையப் புடிச்சிக்கிட்டு இங்கனயே நில்லு. மூணரை மணி நேரமா ஒண்ணுக்குக்கூடப் போகல. நான் போன நேரத்துல நீ வந்துட்டா?"

"நான் நிக்கமாட்டேன். வாங்க, வாசல் வரைக்கும் நானும் வர்றேன்."

ஆக்ராவும் டில்லியும் ஜெய்ப்பூரும் மும்பையும் பார்த்தோம். அவற்றைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். எந்த நிலையத்திலும் அவர் டீக்கு இறங்கவில்லை. கூட்டத்தில் என் முந்தானை நுனி அவர் விரலில் சுற்றியிருந்தது. ராத்திரிகளில் தூக்கத்திலிருந்து எழுந்து நான் படுத்திருந்த கீழ்ப் படுக்கையைக் குனிந்து பார்த்தார். பயம் எனக்கு மட்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஊரில் அவர் எப்போதும் எனக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாணத்துக்கு மறுநாளே அப்படித்தான். பயணம் முடிந்து தேனியில் வந்து இறங்கி வடுகபட்டி பஸ்ஸுக்குப் போகும்போதும், பழக்கதோஷத்தில் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். நான் கூப்பிடவில்லை. பத்தடி போனவர் நின்றார். திரும்பி வந்து, என் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தார்.