நல்ல புடவை கட்டிக்கொண்டு வா

என்னை மேடையில் ஏற்றி நன்றி சொல்ல வைத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது என்னிடம் நியாயம் பேசக் கிளம்பி வருவார்கள். அப்பா இறந்தபின் அம்மா என்னைச் செகந்திராபாத்தில் ஒரு விடுதியில் சேர்த்தாள். சோறு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வருடத்தில் ஒருநாள் நன்கொடையாளர்கள் வருவார்கள். அன்று காலை வார்டன் அம்மா எங்கள் கிறிஸ்துமஸ் கவுன்களை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, விளிம்பைப் பிரித்து இறக்கித் தைத்த பழைய கவுன்களை எடுத்துக் கொடுப்பார். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால் மேடையில் நன்றி சொல்லும் வேலை என்னுடையது. ஏழு வருடம் சொன்னேன். கீழே உட்கார்ந்திருந்த அம்மாமார்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டால் அந்த வருடம் நன்றாக நடந்தது என்று பொருள்.

அந்த அலமாரிப் பூட்டின் சத்தம் இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்து, முப்பது வருடம் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கி வழிந்து, ஓய்வு பெற்றேன். அதன்பின் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பின்தெருவில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். வெளியூரிலிருந்து நோயாளியோடு வருகிறவர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்துக் கிடப்பார்கள். அவர்கள் வந்து தங்கவும் குளிக்கவும் சமைக்கவும் ஓர் இடம், அவ்வளவுதான். ஆறு அறை, ஒரு பொதுச் சமையலறை. போன வருடம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். நிதி திரட்ட ஒரு நிகழ்ச்சி நடத்தியே ஆக வேண்டும் என்று ஆயிற்று.

எங்கள் பொருளாளர் ராணுவக் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், ஆனால் செகந்திராபாத் பக்கத்து அல்வாலில் நாற்பது வருடம் இருந்ததில் ‘ஆமாம்’ என்ற சொல்லே மறந்துபோய் ஹைதராபாத் ஹிந்தியில் ‘ஹவ்’ என்பார். அவர் ‘ஹவ்’ என்று தொடங்கினால் மறுக்கப்போகிறார் என்று அர்த்தம். அவர்தான் ஒரு நிறுவனத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். நிகழ்ச்சிச் செலவு அவர்களுடையது. நன்றாக நடந்தால் ஒரு வருட வாடகையும் அவர்களே தருவார்கள். அந்தப் பணம் வந்தால் வீடு நிற்கும். வராவிட்டால் ஆறு அறையில் இருப்பவர்களும் மறுபடி வராந்தாவுக்குப் போக வேண்டியதுதான்.

நான் திட்டத்தை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். பேச்சு கிடையாது. பொன்னாடை கிடையாது. குத்துவிளக்கு, நினைவுப் பரிசு, திரையில் சோக இசையோடு ஓடும் படம் எதுவும் கிடையாது. ஞாயிறு மதியம், ஒரு மைதானம், பந்தல். இலை போட்டுச் சாப்பாடு, அதற்கு முன்னால் ஏலம். வருகிறவன் வயிறு நிறையச் சாப்பிட்டு, வாய் வலிக்கச் சிரித்துவிட்டுப் போக வேண்டும். நம் வீட்டில் தங்கியிருப்பவர்களும் அன்றைக்கு விருந்தாளிகள். பரிமாறுவது, தட்டு தூக்குவது, நன்றி சொல்வது எதுவும் அவர்கள் செய்யக்கூடாது. இந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு போட்டிருந்தேன்.

“ஹவ், எல்லாம் சரி மேடம். ஆனா ஏலம்னு போட்டிருக்கீங்களே, என்ன ஏலம்?”

“எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகைக்குப் போடுவோம் சார். ஆளுக்கு ஒண்ணு கொண்டுவரணும். வாழைத்தார், சேவல், தேங்காய், கருப்பட்டி, என்ன வேணும்னாலும். எலுமிச்சம்பழம்கூட ஆயிரத்துக்குப் போகும்.”

“எலுமிச்சம்பழத்தை ஆயிரம் ரூபா குடுத்து எவன் வாங்குவான்?”

“பக்கத்து வீட்டுக்காரன் தொள்ளாயிரம் கேட்டிருந்தா வாங்குவான் சார்.”

அவர் சிரித்துவிட்டார். அவரைச் சிரிக்க வைப்பது லேசான காரியம் இல்லை.

நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி முப்பது வயது இருக்கும். மரியாதையான பிள்ளை. ஹிந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினார். ஏலம் அவருக்குப் பிடித்தது, சாப்பாடு பிடித்தது. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஒன்று மட்டும் குறைகிறது மேடம். எமோஷனல் கனெக்ட். உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் ஒரு பெண்மணி, மேடையில் இரண்டே நிமிடம், தன் கதையைச் சொன்னால் போதும். எங்கள் மேலிடத்துக்கு அதுதான் முக்கியம்” என்றார்.

பொருளாளர் உடனே தலையை ஆட்டினார். கரீம்நகரிலிருந்து வந்து ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் இருக்கும் பெண்ணைச் சொன்னார். கணவனுக்கு வாயில் புற்றுநோய், அறுவை முடிந்து சிகிச்சை நடக்கிறது, நன்றாகப் பேசுவாள் என்றார்.

“பெர்ஃபெக்ட். மேக்கப், பட்டு எல்லாம் வேண்டாம். தினம் கட்டுகிற பழைய புடவையிலேயே வரட்டும். நேச்சுரலாக இருக்கும்.”

எனக்குள் அலமாரி பூட்டுகிற சத்தம் கேட்டது.

“முடியாது” என்றேன்.

“மேடம், இரண்டு நிமிடம்தான்.”

“எங்க வீட்டுல தங்கினதுக்கு அழுதுகாட்டணும்னு விதி கிடையாது. வேற என்ன வேணும் கேளுங்க.”

அவர் முகம் வாடிப்போயிற்று. அப்படியென்றால் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ தெரியாது, வாடகை விஷயம் உறுதி சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தார். பந்தலுக்கு மட்டும் பணம் வரும். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த பொருளாளர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் அவருடைய பென்ஷன் புத்தகத்தைக் கிழித்துப் போட்டதுபோல இருந்தது.

“ஹவ் மேடம், உங்க சுயமரியாதைக்கு அந்தப் பொம்பளைங்க வராந்தாவுல படுக்கணுமா?”

நியாயமான கேள்வி. அன்றைக்குச் சரியாகத் தூங்கவில்லை. ஆனாலும் காலையில் எழுந்தபோது என் மனம் மாறியிருக்கவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அந்தப் பெண்ணைப் பழைய புடவையில் மேடையேற்ற என்னால் முடியாது. பிச்சைதான் எடுக்க வேண்டும் என்றால் நானே எடுப்பேன், அவளை வைத்து எடுக்க மாட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினேன். செகந்திராபாத்தில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்று விடாமல் போய், “ஏலத்துக்கு ஒரு பொருள் வேணும், அதை எடுக்க ஒரு ஆளும் வேணும்” என்று கேட்டேன். பொருளாளர் திட்டிக்கொண்டே கூட வந்தார். ஆட்டோக்காசும் அவரே கொடுத்தார்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். கரீம்நகர்க்காரியும் உட்கார்ந்து உரித்தாள். என்னைவிட இருபது வயது சின்னவள். வாய் என்றால் வாய். டாக்டரையே வரிசையில் நிற்கச் சொன்னவள். எங்களுக்குள் பேச்சு தெலுங்கில்தான்.

“அக்கா, ஏலம்னா எப்படி? என்னதான் பண்ணுவீங்க?”

சொன்னேன். எங்கள் சபையில் பாட்டு நடத்திய ஓர் அண்ணாச்சியைப் பற்றியும் சொன்னேன். சட்டைப்பையில் பத்து ரூபாய் இருக்காது. ஆனால் வருடம் தவறாமல் ஒரு கான்ட்ராக்டரோடு போட்டிக்கு நிற்பார். அவர் நூறு என்றால் இவர் இருநூறு. கான்ட்ராக்டருக்கு ரோஷம் வந்து ஏறிக்கொண்டே போவார். சரியான நேரத்தில் அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு, “நீங்களே எடுத்துக்கோங்க ஐயா” என்று ஒதுங்கிவிடுவார். இரண்டு முட்டை நாலாயிரத்துக்குப் போகும். ஊருக்கே தெரியும், கான்ட்ராக்டருக்கும் தெரியும், அடுத்த வருடமும் மாட்டுவார்.

அவள் கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். வெங்காயக் கண்ணீர்தான்.

“நாளைக்கு நான் என்ன வேலை செய்யணும்?”

“ஒரு வேலையும் இல்ல. நல்ல புடவை இருக்கா?”

“தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பட்டு இருக்கு. ஆஸ்பத்திரிக்கு எதுக்குன்னு பெட்டிக்கு அடியில வெச்சிருக்கேன்.”

“அதைக் கட்டிக்கிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை வெயில் இதமாக இருந்தது. நவம்பர் மாதம். கூடை கூடையாகச் சீத்தாப்பழம் வந்து இறங்கியது. சேவல் மூன்று, கருப்பட்டி ஓர் ஓலைக்கொட்டான், யாரோ வீட்டுக் கூரையிலிருந்து பறித்த பெரிய பூசணிக்காய் ஒன்று. கறிக்குழம்பு வாசம் தெருமுனைவரை போனது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பு, அதற்குப் பொருளாளரே காவல். நிறுவனத்து அதிகாரியும் ஒரு போட்டோகிராபரோடு வந்துவிட்டார். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஏலம் போட்டது நான்தான். மேடையில் ஏறமாட்டேன் என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். முதல் சீத்தாப்பழக் கூடையை எடுத்தவர் வழக்கப்படி அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார், அது இன்னொரு தடவை விலை போனது. வழக்கம் தெரியாத ஒருவர் எடுத்த சேவலைத் தூக்கிக்கொண்டு கார்வரை போய்விட்டார். அவரை நாலுபேர் துரத்திப் பிடித்தார்கள். மைதானமே சிரித்தது.

பிறகு பூசணிக்காய். அதிகாரி கையைத் தூக்கி, “ஐந்நூறு” என்றார்.

“அறுநூறு.” பந்தலின் இடது பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல். பச்சைப் பட்டு, தலையில் பூ, நிமிர்ந்து நிற்கிறாள். கரீம்நகர்க்காரி.

அவர் அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. வேறு ஏதோ பெரிய வீட்டுப் பெண் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே ஆயிரம் என்றார். இவள் ஆயிரத்து ஐந்நூறு. அவர் இரண்டாயிரம். இவள் மூவாயிரம். கூட்டம் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அடுத்து இவள் ஐயாயிரம் என்றாள். அவள் பையில் இருநூறு ரூபாய் இருந்தால் அதிகம். அது எனக்குத் தெரியும், பொருளாளருக்குத் தெரியும். அவர் கறிவேப்பிலைக் கொத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அதிகாரி கையை இறக்கினார். பெரிய மனுஷத்தனமாக ஒரு சிரிப்பு. “லேடீஸ் ஃபர்ஸ்ட். மேடமே எடுத்துக்கட்டும்” என்றார்.

“ஒரு தரம்” என்றேன். மூன்றாவது தரம் சொன்னால் பூசணிக்காய் அவள் தலையில் விழும். பணம் இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டிவரும். ஐயோ பாவம் என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். எது நடக்கக்கூடாது என்று வீடு வீடாக அலைந்தேனோ அது என் வாயாலேயே நடக்கப்போகிறது. “ரெண்டு தரம்.” நான் இழுத்த இழுப்பில் சேவல்கூடத் திரும்பிப் பார்த்திருக்கும்.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். ஹைதராபாத் ஹிந்தியில், பந்தல் முழுக்கக் கேட்கும்படி, “க்யா சார், இத்தனை சீக்கிரம் களைச்சுப் போயிட்டீங்களா? கம்பெனியில கேட்டுட்டு வரணுமா?” என்றாள்.

கூட்டம் ஓ என்று கத்தியது. அவர் காது சிவந்துவிட்டது. “எட்டாயிரம்” என்றார்.

அவள் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். “நக்கோ சார். எனக்கு வேண்டாம். நீங்களே எடுத்துக்கோங்க.”

மூணு தரம் என்ற சொல்லை என் வாழ்க்கையில் அத்தனை வேகமாக நான் சொன்னதில்லை.

சாப்பாட்டின்போது அதிகாரி பூசணிக்காயைக் குழந்தைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நன்றாக வியர்த்திருந்தது, நன்றாகச் சிரித்துக்கொண்டும் இருந்தார். “அந்தக் கதை சொல்ல வேண்டிய பெண்மணி வரவேயில்லையா மேடம்?” என்று கேட்டார்.

“வந்திருக்காங்க. சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க.”

அவர் பந்தியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பழைய புடவை கட்டிய ஒருத்தியைத் தேடினார் என்று நினைக்கிறேன். கிடைக்கவில்லை. அந்தப் பந்தியில் அன்றைக்கு யாருக்கும் கிடைத்திருக்காது.

நிறுவனம் ஆறு மாத வாடகைதான் தந்தது. கதை இல்லாததால் பாதி என்று நான் வைத்துக்கொண்டேன். மீதியை ஏலமும், வந்தவர்கள் மாதத்துக்கு ஒருவராக ஏற்றுக்கொண்டதும் சரிக்கட்டின. பொருளாளர் இப்போதும் அந்தப் பாதியைச் சொல்லிக் காட்டுவார். சொல்லட்டும். அடுத்த வருடமும் அந்தத் தாளில் இரண்டு கோடு போட்ட வரி அப்படியேதான் இருக்கும்.

இரண்டு மாதம் கழித்து நிறுவனத்தின் பத்திரிகை தபாலில் வந்தது. பளபளக்கும் தாளில் பாதிப் பக்கத்துக்கு ஒரு படம். அதிகாரி பூசணிக்காயோடு அசட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார், பக்கத்தில் பச்சைப் பட்டில் அவள், கையைக் கட்டிக்கொண்டு. அந்தச் சமயம் அவள் கணவனைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு ஊரிலிருந்து வந்திருந்தாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கீழே இருந்த இங்கிலீஷ் வரியில் விரலை வைத்து, “இதுல என்னக்கா போட்டிருக்கு?” என்று கேட்டாள்.

வாசித்துச் சொன்னேன். “எங்கள் அதிகாரியுடன் விருந்தாளி ஒருவர்.”

அவள் பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்தாள்.

“ஆமா. பின்ன?” என்றாள்.