நாடகமும் நண்டுக்கறியும்

அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் மச்சாளை இன்று இங்கே டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் ஓர் இசை நாடகத்துக்குக் கூட்டிப்போனேன்.

முதல் பாட்டு முடிந்ததுமே அவள் எழுந்து நின்று விசிலடித்தாள். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே அளவாகக் கைதட்டினார்கள்.

"இவைக்குப் பிடிக்கேல்லையோ? நியூயோர்க்கில எண்டால் சனம் எழும்பி நிண்டு கத்தியிருக்கும்" என்றாள் மச்சாள்.

இடைவேளையில், பக்கத்து இருக்கை டேனிஷ் பெண்மணியிடம் நாடகம் எப்படி என்று கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மோசமில்லை" என்றார்.

"இஞ்ச அதுதான் பெரிய பாராட்டு" என்று மச்சாளுக்கு விளக்கினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "மத்தியானம் என்ர நண்டுக்கறியையும் நீங்கள் மோசமில்லை எண்டுதானே சொன்னனீங்கள்!"

நாளைக்கும் நண்டுக்கறியாம்.

உப்பு அதிகம் என்பதை இனி அவளுக்கு எந்த நாட்டு முறையில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.