முதல் வரியில் எழுதிய பெயர்

பத்மஜாவுக்கு வாய் ஜாஸ்தி. அந்த வாய் ரெண்டே நாள் மூடிக்கிடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன். பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுக்கிற தபிதாள் நான். பாதி நடந்தது என் கண்ணெதிரில்தான்.

மலைக்கோயில் மடைப்பள்ளியில் பரம்பரையாகச் சமைக்கிற வீட்டுப் பெண் அவள். புருஷன் விட்டுப் போனபின் கம்ப்யூட்டர் படித்து, ஸ்டேஷன் ரோட்டில் பிரவுசிங் சென்டர் திறந்தாள். பள்ளிப்பட்டு, கனகம்மாசத்திரம் பிள்ளைகள் ரிசல்ட் பார்க்க அங்கேதான் வருவார்கள்.

வருகிறவர் பெயர், ஊர், நேரம், உட்கார்ந்த கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லி போலீஸ் உத்தரவு. எழுதினாள். ஆனால் போணி சாமிக்கு என்று அவளுக்கு ஒரு கணக்கு. காலையில் முதலில் வருகிறவர் யாரானாலும் அவர் பெயரைக் கேட்கமாட்டாள். அந்த வரியில் மலைமேல் இருக்கிற முருகன் பெயரைத்தான், 'தணிகைவேல், திருத்தணி' என்று எழுதிவிடுவாள்.

"ஏண்டி, உன் சாமிக்கு மெயில் ஐடி இருக்குதா?" என்று கிண்டல் பண்ணுவேன்.

"உங்க கர்த்தருக்கு இருந்தா சொல்லுக்கா, ரெண்டு பேரையும் சாட் பண்ண விடலாம்" என்பாள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் ஓர் அரசுத் துறையின் இணையதளத்தில் யாரோ புகுந்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'எங்கள் நிலத்தைத் தொடாதே' என்று எழுதிவைத்துவிட்டார்கள். எந்தக் கம்ப்யூட்டர் என்று தடம் பிடித்துக்கொண்டு வெளியூர் போலீஸ் வந்து நின்றது பத்மஜா கடையில். அது நடந்தது காலை ஒன்பது பத்து, முதல் கம்ப்யூட்டர். நோட்டில் அந்த வரியில் இருந்தது தணிகைவேல்.

"யாரும்மா இவன்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியலங்க" என்றாள் பத்மஜா.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். அவள் சொல்லுவாள் என்று நானும் சும்மா இருந்தேன். அன்றிலிருந்து பயத்தில் சாமி பெயரை இன்னும் அழுத்தி எழுதினாள்.

மூன்றாம் நாள் பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டு ரத்தினம்மாள் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். "எம் புள்ள தணிகைவேலப் புடிச்சினு போய் ரெண்டு நாளாச்சும்மா! உன் நோட்டுல அதே பக்கத்துல சாயங்காலம் ஒரு வாட்டி எழுதியிருக்கானாம், அதே பேருதானாம். கம்ப்யூட்டர் சட்டத்துல அறுபத்தாறாம் பிரிவாம், மூணு வருஷம் உள்ள போடுவாங்களாம்!"

இந்தப் பக்கத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு தணிகைவேல் மேல் விழும். வெளியூர்க்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது! "வாயத் தொறடி பாவி" என்று பத்மஜாவை உள்ளே இழுத்துப்போய்க் கத்தினேன்.

"சொன்னா என்னதான் உள்ள போடுவாங்கக்கா. பொய்யா எழுதினவ நானாச்சே" என்று அழுதாள். அழுது முடித்து, நோட்டை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

பத்மஜா சொன்னதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அவனக் காப்பாத்த சாமிய இழுக்கறியா?"

அவள் நோட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். "நேத்து, இன்னைக்கு. ரெண்டு நாளும் காலைல மொத வரில தணிகைவேல் என் கடைல உக்காந்துகினு இருக்கான், பாருங்க சார். முந்தாநேத்து ராத்திரிலருந்து அவன் உங்ககிட்டதானே இருக்கான்?"

அவர் பக்கங்களைப் புரட்டினார். ஜனவரி, பிப்ரவரி, மார்ச். எல்லா நாளும் அதே பெயர். சிரிப்பு நின்றுபோயிற்று.

"அப்போ அன்னைக்கு உக்காந்தது யாரு?"

"தெரியாதுங்க. பேர் கேக்கல."

"பொய்யா எழுதினது?"

"ஆங், நான்தாங்க."

சாயங்காலம் பையனை விட்டார்கள். வலது கை வீங்கி, பேனா பிடிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்த பிள்ளை, ஸ்டேஷன் பேப்பரில் இடது கையால் ரேகை வைத்தான். பத்மஜாவின் கடைக்குச் சீல் வைத்தார்கள். அவள் மேல் கேஸ் போட்டு ஐந்து வருஷம் அலையவிட்டார்கள். உண்மையில் செய்தவன் கடைசிவரை அகப்படவில்லை.

ஒரு வாய்தாவுக்குப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் ரத்தினம்மாள் எதிரே வந்தாள். பத்மஜாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "உன்னாலதாம்மா எம் புள்ள திரும்பி வந்தான். அந்தக் கைதான் இன்னும் மடங்க மாட்டேங்குது, தறி ஓட்ட முடியல."

பத்மஜா கைகளை உருவிக்கொண்டாள்.

"அது சாமி பேருன்னு மொத நாளே எனக்குத் தெரியும்மா," என்றாள். "ரெண்டு நாள் வாய மூடிகினு இருந்தேன்."