எட்டுப் பக்க ரஷ்யாவும் ஒரு கட்டிக் கற்பூரமும்

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பி.ஏ. தேறிய முதல் ஆள் நல்லமுத்து. யாரும் மறந்துவிடக் கூடாதென்று தொழிலாளர் வரிசைவீடான லயத்துக் கதவில் தன் பெயரைப் பட்டத்தோடு சுண்ணாம்பால் எழுதி வைத்திருந்தான். பேராதனைப் பல்கலைக்கழகப் பரீட்சையில், ரஷ்யர்களை நேர்மையாக வைத்திருப்பது கோயிலா, கட்சியா என்றொரு கேள்வி வந்தது. கட்சிதான் என்று எட்டுப் பக்கம் எழுதித் தள்ளினான். அவன் பார்த்த மிகத் தூர தேசம் கண்டி.

1964இல், இரண்டு பெண்களை வேலையிலிருந்து நிறுத்தியதற்காகத் தோட்டம் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் செய்வதாக முடிவாயிற்று. யாரும் பின்வாங்குவதில்லை என்று மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வது அங்கே வழக்கம். நல்லமுத்து குறுக்கே விழுந்தான்.

"ரஷ்யாவுல இப்படியா செய்யிறாங்க? மனுசன் வார்த்தைக்குச் சாமி எதுக்குங்க? பேப்பர்ல கையெழுத்துப் போடுவோம்."

முதல் கையெழுத்து அவனுடையது, பி.ஏ.யோடு. வேலை போன இருவரில் ஒருத்தியான அம்மாக்கண்ணு பெருவிரலை மையில் தோய்த்தபடி கேட்டாள்.

"ஏந்தம்பி, அந்த ரஷ்யாக்காரங்களுக்குப் பொய் சொன்னா வயித்தக் கலக்குமா?"

"அவங்க பொய்யே சொல்ல மாட்டாங்க அத்தை."

"அப்ப அவங்களுக்குச் சாமி வேணாம். எங்களுக்குக் கொஞ்சம் வேணும். வா, நீயே மொதல்ல அணை."

கூட்டம் சிரித்தது. நம்பாதவனுக்கு என்ன பயம்? நல்லமுத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தான்.

கற்பூரம் எரிந்தது. கையை நீட்டினான். கை பாதியில் நின்றது.

சட்டைப்பையில் ஒரு கடிதம். தோட்டத்துத் துரை அன்று காலைதான் கொடுத்திருந்தார்: ஆபீஸில் கிளாக்கர் வேலை, திங்கட்கிழமையே வந்து சேர வேண்டும். சேருவதா இல்லையா என்று அவன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருந்தான். காகிதத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்தக் கடிதம் மூச்சுக்கூட விடவில்லை. இப்போது நெஞ்சைச் சுட்டது. தன் வயிறு ரஷ்யாக்காரனுடையது இல்லை என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று.

"என்ன தம்பி, சுடுதா?"

கடிதத்தை எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தான். சிரிப்பு அடங்கியது.

"இப்ப என்ன செய்யப்போற?" என்றாள் அம்மாக்கண்ணு.

அவன் உள்ளங்கையை வைத்துக் கற்பூரத்தை அழுத்தி அணைத்தான். கொப்புளம் வந்தது.

அவள் கடிதத்தை வாங்கி, அதில் ஒரு பிடி திருநீறு போட்டு மடித்து அவன் பையிலேயே செருகினாள்.

"பேப்பரு நல்ல தடிப்பு. நம்பாட்டியும் வச்சுக்க, கொப்புளத்துக்குப் போடு."

திங்கட்கிழமை நல்லமுத்து ஆபீஸ் பக்கம் போகவில்லை. எட்டுப் பக்கத்துக்குக் கிடைத்த மார்க்கை யாராவது திருப்பிக் கேட்டு வருவார்களோ என்றுதான் கொஞ்சம் பயந்தான்.