பினாங்கில் அப்பாவைக் காட்டச் சொன்னார்கள்

என் அப்பாவை நான் முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஆறு வயது முடிந்திருந்தது. அதுவரை அவரைப் போட்டோவில் மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் தர்மபுரி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. ஸ்டூடியோக்காரர் மாட்டிவிட்ட கோட்டு, முறுக்கிய மீசை, சோறு கண்ட கன்னம். பக்கத்தில் அம்மா, யாரோ மிரட்டி உட்கார வைத்த மாதிரி இருப்பாள்.

அப்பா சின்ன வயதிலேயே மலேயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். லீவில் ஊருக்கு வந்து அம்மாவைக் கட்டினார். குழந்தை பிறந்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் பிறந்தேன், பின்னாலேயே ஜப்பான்காரன் மலேயாவுக்குள் வந்துவிட்டான். கப்பலும் நின்றது, கடிதமும் நின்றது. தோட்டத்து ஆட்களைச் சயாம் பக்கம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் வரவில்லை என்று பென்னாகரம் சந்தையில் பேச்சு. அம்மாவிடம் அதை யாரும் நேராகச் சொல்லவில்லை. அவளும் நெற்றிப் பொட்டை ஒரு நாளும் சின்னதாக்கவில்லை.

சண்டை முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கடிதம் வந்தது. உயிரோடு இருக்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தார். வீடே ஆடிப்பாடியது. அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவர், மலேயாவிலிருந்து திரும்பி வந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காடு வாங்கியிருந்த ஒரு பெரியவர்.

“எறங்குனதும் உள்ள வுட மாட்டாங்க,” என்றார். “தனித்தனியா நிக்க வச்சிக் கேப்பாங்க. அடுத்தவம் பொண்டாட்டியத் தம் பொண்டாட்டின்னு கூட்டிக்கிட்டு வர்றவனும் இருக்கறானில்லீங்க? பெரியவங்க பொய் சொல்லுவாங்கன்னு கொழந்தைங்களத்தான் கேப்பாங்க. அப்பனைக் காட்டுன்னுவாங்க. தப்பாக் காட்டுச்சுன்னா, அதே கப்பல்ல திருப்பிடுவாங்க.”

அவ்வளவுதான். அம்மா, மாமா, வந்தவர் போனவர் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதுவரை என்னை யாரும் அவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விசாரணைதான். மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், துரை ஆனார். ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் கட்டிலைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூக்கால் பேசுவார். அப்பா பேர் என்ன, எந்தத் தோட்டம், என்ன ஜில்லா? சேலம் ஜில்லா என்பேன், அப்போது நாங்கள் சேலத்தோடுதான் இருந்தோம். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு துண்டு வெல்லம் வாங்காமல் அடுத்த கேள்விக்கு வாயைத் திறக்க மாட்டேன். எனக்கு முன்கோபம் அப்போதே உண்டு. மாமா சிரித்துவிட்டால், “நீங்க தொரையே இல்ல,” என்று எழுந்து போய்விடுவேன். அம்மா பின்னாலேயே ஓடிவந்து தாஜா பண்ணிக் கூட்டிக்கொண்டு போவாள்.

கடைசிக் கேள்விதான் பெரிய கேள்வி. ஊர் ஆண்களை வரிசையாக நிறுத்துவார்கள். யாராவது ஒருவருக்குக் கம்பளியைக் கோட்டு மாதிரி போர்த்தி, கரியால் மீசை வரைந்திருப்பார்கள். “அப்பா யாரு?” என்றதும் நான் கோட்டையும் மீசையையும் பார்த்துக் கையை நீட்ட வேண்டும். ஒரு முறைகூட நான் தவறவில்லை. எப்படித் தவறுவேன்? வரிசையில் கம்பளி போர்த்தியிருந்தது ஒரே ஆள்தானே!

மாமா ஒரு படி மேலே போய், அப்பாவுக்கே கடிதம் எழுதிவிட்டார். பிள்ளைக்கு உங்களைப் போட்டோவை வைத்துத்தான் தெரியும், ஆகையால் போட்டோவில் இருப்பது போலவே வந்து நிற்கவும் என்று. எழுதியதை எங்களுக்குப் படித்துக்காட்டிவிட்டு, தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிடும்போது மாமா அழுதார். நான் அழவில்லை. எனக்கு உத்தியோகம் இருந்தது. கப்பலில் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, வாந்திக்கும் வாந்திக்கும் நடுவில் அம்மா கண்ணை மூடியபடியே கேட்பாள், “அப்பா பேரென்ன கண்ணு?” ஆறு வருஷம் யாரையும் அண்டாமல் காத்திருந்தவள். அந்தக் காத்திருப்பு பலிப்பதும் பலிக்காமல் போவதும் ஒரு பொடிப்பெண்ணின் விரல் நுனியில் இருந்தது.

பினாங்கில் இறங்கி, அம்மைக்குக் குத்தி, நோய் நொடி பார்க்கிற முகாமில் வைத்திருந்து, ஒருவழியாக அந்தக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். மேஜைக்குப் பின்னால் உண்மையான துரை. அவர் மூக்கால் பேசவில்லை, எங்கள் மாமாவைவிடச் சாதுவாக இருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ்க் கிராணி. அங்கே குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். கொட்டகையின் மறுகோடியில் ஒரு கயிறு கட்டி, அழைத்துப்போக வந்த ஆண்களை அதற்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். யாரும் கூப்பிடக் கூடாது, கையாட்டக் கூடாது, மீறினால் உங்கள் ஆட்களுக்குத்தான் கஷ்டம் என்று கிராணி இரைந்து சொன்னார்.

அம்மாவைக் கேட்டதற்கெல்லாம் அவள் ஒப்பித்தாள். பிறகு கிராணி என்னைப் பார்த்தார். நான் அப்பா பேர், தோட்டம், ஜில்லா எல்லாவற்றையும் தொண்டையில் தயாராக வைத்திருந்தேன். அவர் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

“உங்க அப்பா எங்கே, காட்டு பாப்பா.”

கயிற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டு போட்டவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள்! நான் அசரவில்லை. கோட்டு, மீசை, கன்னம் மூன்றும் பொருந்திய ஒருவரைப் பார்த்துக் கையை நீட்டினேன். அந்த மனிதர் பதறிப்போய், “ஐயோ, நான் இல்லீங்க, நான் என் தம்பிக்காக வந்திருக்கேன்,” என்றார்.

கிராணியின் முகம் மாறிவிட்டது. துரையிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு அம்மாவிடம், “சரி, நீ காட்டும்மா,” என்றார்.

அம்மா பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போய், கடைசி முகம்வரை போய், திரும்ப முதலிலிருந்து வந்தாள். என் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அழுந்தின. அவளுக்கும் தெரியவில்லை.

“புருஷனைத் தெரியலையா?” என்றார் கிராணி.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. அழுவது தெரியக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்படிக் குனிந்தபோது கயிற்றுக்குக் கீழே அத்தனை பேருடைய கால்களும் தெரிந்தன. பூட்ஸ் கால், செருப்புக் கால், வெறுங்கால், எல்லாம் இரண்டிரண்டாகத் தரையில் இருந்தன. ஒருவருடையது மட்டும் ஒற்றைக் கால். இன்னொரு காலை மடக்கி, பாதத்தை முழங்காலில் பதித்து, மூடிய குடையைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்து அவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கம் காட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். மாமா நாள் முழுக்க அப்படி நிற்பார். அந்தக் கொட்டகையில் வேறு யாரும் அப்படி நிற்கவில்லை.

“அவரு எங்கப்பாவான்னு தெரியாதுங்க,” என்றேன். “ஆனா அவரு எங்கூரு ஆளுங்க.”

அம்மா நான் காட்டிய காலைப் பார்த்தாள். காலிலிருந்து மேலே ஏறி முகத்துக்குப் போனாள். இரவல் கோட்டுக்குள் எலும்பும் தோலுமாக ஒரு மனிதர். கன்னம் ஒட்டியிருந்தது, பாதி மீசை நரைத்திருந்தது, அதைக் கஷ்டப்பட்டு முறுக்கிவிட்டிருந்தார். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை, கையை ஆட்டவில்லை. தான் அசைந்தால் நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்று அப்படி நின்றாராம்.

“அவருதாங்க,” என்றாள் அம்மா. “சத்தியமா அவருதாங்க.”

கிராணி அவரைக் கூப்பிட்டு என்னென்னவோ கேட்டார். கல்யாணம் எந்த மாசம், மாமனார் வீட்டுக் கிணறு எந்தத் திக்கில் என்றெல்லாம் கேட்டார். எல்லாம் அம்மா சொன்னதோடு பொருந்தியது. துரை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அம்மா அப்போதுதான் என் தோளை விட்டாள். வெகுநேரம் வலித்தது.

வெளியே வந்ததும் அப்பா வெயிலிலேயே என் முன்னால் குந்தினார். கோட்டு அவரைச் சுற்றித் தரையில் கிடந்தது. கையை நீட்டினார். நான் போகவில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை. இத்தனை மாதம் ஒரு முகத்தைப் படிக்க வைத்துவிட்டு வேறு முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது?

“போட்டோல இருக்கற அப்பா எங்க?” என்று கேட்டேன்.

அவர் அம்மாவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார்.

“அவரால வர முடியல சாமி,” என்றார். “என்னைத்தான் அனுப்பிச்சாரு.”

கொட்டகைக்குள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத என் அம்மா, நடு ரோட்டில் மூட்டையின்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.