சரோஜினி விரல் காட்டிய விடைகள்

நூற்றைம்பத்தைந்து. 2024-ஆம் ஆண்டின் பின்பாதி முழுவதும் ரூக்சார் இந்த ஒரு எண்ணைத்தான் துரத்தினார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேக்கேஜிங் துறையில் முதுகலை படிக்க அவருக்கு ஆசை. அந்தத் துறையிலிருந்து வந்த மின்னஞ்சல் சுருக்கமாக இருந்தது. ஜிஆர்இ தேர்வில், 130-இலிருந்து 170வரை மதிப்பெண் தரும் 'வெர்பல்' என்ற ஆங்கிலப் பகுதியில் 155 இருந்தால் கற்பித்தல் உதவியாளர் வேலைக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைப்போம், மதிப்பெண் டிசம்பர் 15-க்குள் வந்து சேர வேண்டும். அந்த வேலை கிடைத்தால் படிப்புக்குக் கட்டணம் இல்லை. கிடைக்காவிட்டால் அமெரிக்காவே இல்லை. தேர்வுக்கு அவர் பதிவு செய்த நாள் நவம்பர் 16, சனிக்கிழமை.

ரூக்சாருக்கு 27 வயது. வீடு மேற்குத் தாம்பரம், கடப்பேரியில். கிண்டி தொழிற்பேட்டையில் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் வடிவமைப்பாளர். மருந்துக் கடையில் நீங்கள் வாங்கும் இருமல் மருந்தின் பெட்டி, மூடி கிழியாமல் திறக்கிறது என்றால், அதற்காக இவரைப் போன்ற ஒருவர் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். ரூக்சாருக்கு அந்த வேலை பிடிக்கும். அதில் இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்பதுதான் ஆசை.

"பொட்டி ஒட்டக் கத்துக்கவா அமெரிக்கா?" என்று கேட்டார் சித்தப்பா ஷாகுல்.

"நீ ஒரு சோபா வாங்க மூணு நாள் ஈசிஆர் ரோடு பூரா கடகடயா சுத்தலையா? அவ படிக்கப் போறா, போவட்டும்" என்றார் ரூக்சாரின் தந்தை, உமர் அத்தா. அவர் பழைய சோபாக்களுக்குத் துணி மாற்றிக் கொடுப்பவர். வீட்டின் முன் அறைதான் பட்டறை. காலை ஆறரைக்கு ஆரம்பிக்கும் சுத்தியல் சத்தம் இரவு சாப்பாட்டு நேரம்வரை ஓயாது. அந்த வீட்டில் புத்தகம் விரித்து உட்கார இடமும் கிடையாது, நேரமும் கிடையாது.

ஆங்கிலச் சொற்களை மட்டும் எப்படியோ மனப்பாடம் செய்துவிட்டார். கம்பெனியில் மிச்சமாகும் மாதிரி அட்டைகளில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் தெரிந்த ஆள். பிடிவாதக்காரரைக் குறிக்கும் 'ஆப்ஸ்டினேட்' அட்டையின் பின்னால் 'அத்தா'. 'கேர்ருலஸ்' என்றால் வாய் ஓயாதவர். அதற்குப் பின்னால் 'ஷாகுல் சித்தப்பா'. அதிகம் பேசாதவரைக் குறிக்கும் 'டாசிடர்ன்' அட்டையில் 'ட்ரெயின்ல பக்கத்துல நிக்கிற அக்கா'. இப்படி எண்ணூறு அட்டைகளுக்கு மேல் சேர்ந்திருந்தன.

சொற்கள் பாதித் தேர்வுதான். மீதிப் பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. அதற்கு ஒரே இடம் ரயில்.

செங்கல்பட்டிலிருந்து வரும் காலை வண்டியில், கூடுவாஞ்சேரியில் இரம் ஏறுவார். கல்லூரித் தோழி. கிண்டியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மகளிர் பெட்டியில் அவருக்குப் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடும். ரூக்சார் தாம்பரத்தில் ஏறும்போது நிற்கத்தான் இடம் இருக்கும். தாம்பரத்திலிருந்தே புறப்படும் காலி வண்டிகள் உண்டு. இரமுக்காக அவற்றை ரூக்சார் விட்டுவிடுவார்.

அந்தப் பெட்டியில் ஒரு வழக்கம். உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பைகளை மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். நிற்பவருக்கு ஒரு கை பிடியில், ஒரு கை துப்பட்டாவில். புத்தகமோ போனோ கையில் எடுக்க வழியில்லை. அதனால் இரம் சத்தமாக வாசிப்பார், ரூக்சார் கேட்டுப் பதில் சொல்வார். சானடோரியம் தாண்டினால் பத்தி முடிந்திருக்கும். பல்லாவரத்துக்குள் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். சரியா தவறா என்று இரம் உடனே சொல்லி, போனில் குறித்துக்கொள்வார்.

ஆகஸ்டிலிருந்து அக்டோபர் கடைசிவரை 64 பத்திகள். கேட்ட கேள்விகள் 231. ரூக்சார் சரியாகச் சொன்னவை 209. இதே விகிதத்தில் போனால் 160-ஐத் தாண்டும் என்று இணையத்தில் ஓர் அட்டவணை சொன்னது.

தீபாவளி வியாழக்கிழமை வந்தது. கம்பெனிக்கு நான்கு நாள் விடுமுறை. பட்டறைக்கும் வேலை இல்லை. சனிக்கிழமை காலை ரூக்சார் லேப்டாப்பைத் திறந்து, தேர்வை நடத்துகிறவர்களே தரும் முழு மாதிரித் தேர்வை முதல் முறையாக எழுதினார். முடிந்ததும் திரையில் எண் வந்தது.

144.

பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தார். அதே 144.

"எவ்ளோமா?" என்றார் உமர்.

"தப்பா காட்டுது அத்தா."

அன்று மதியம் ரூக்சார் சாப்பிடவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததுதான் காரணம் என்று மாலைக்குள் தனக்கே சொல்லிக்கொண்டார். ரயில் சத்தத்திலேயே பழகிய மூளை. எனவே ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது மாதிரித் தேர்வுக்கு உட்காரும்போது அத்தாவிடம் சுத்தியலை எடுக்கச் சொன்னார்.

"எதுல அடிக்கறது? ஒரு சோபாவும் இல்லையே."

"சும்மா பலகையில அடிங்க."

இரண்டு மணி நேரம் அந்த மனிதர் வெறும் பலகையில் ஆணி அடித்தார். அடித்ததைப் பிடுங்கி மறுபடி அடித்தார். எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வந்த எண் 143.

உமர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

திங்கள்கிழமை, நவம்பர் 4. ஊருக்குப் போனவர்கள் மொத்தமும் திரும்பிய நாள். தாம்பரம் நடைமேடையில் முறுக்கு டின்களும் கட்டைப்பைகளுமாக நடக்க முடியவில்லை. ரூக்சார் இடித்துக்கொண்டு ஏறி, இரம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

"என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?"

"நூத்தி நாப்பத்தி நாலு."

"எது?"

"வெர்பல். சனிக்கிழமை 144. நேத்து 143."

"காமெடி பண்ணாத."

"பண்ணலடி."

இரம் அவர் கையிலிருந்து பையை வாங்கி மடியில் வைத்தார். "சிஸ்டம் ப்ராப்ளமா இருக்கும். இங்க பத்துக்கு ஒம்பது சொல்றவ நீ. இரு, இப்பவே பாத்துரலாம்."

வௌவால்களைப் பற்றிய பத்தி. இரம் வாசித்து முடித்து முதல் கேள்வியையும் ஐந்து விடைகளையும் சொன்னார். ரூக்சார் 'டி' என்றார். சரி. இரண்டாவது கேள்வி. ரூக்சார் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"கடைசி."

'டாசிடர்ன்' அட்டையின் பின்னால் இருந்த அதே அக்கா. பெயர் சரோஜினி. ஐம்பது வயது இருக்கும். கிண்டியில் ஓர் ஏற்றுமதித் துணி கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் வேலை. மூன்று மாதமாகப் பக்கத்தில் நின்று வந்தவர் அன்றுதான் பேசினார்.

இரம் போனைப் பார்த்தார். சரியான விடை 'இ'. கடைசிதான்.

"அக்கா, உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வருமா?"

"எனுக்கா? அஞ்சாவதோட நின்னவ கண்ணு நானு. தெனம் நீ வாசிக்க சொல்லோ நானும் மனசுக்குள்ள சொல்லிக்கினு வருவேன். முக்காவாசி கரீட்டா வந்துரும்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். இரமும் சிரித்தார். ரூக்சார் சிரிக்கவில்லை.

"எப்படி தெரியும் அக்கா?" என்று கேட்டார்.

"தப்பு பதில அந்தப் பொண்ணு படபடன்னு வாசிச்சினு போயிரும். கரீட்டு வந்தா ஒரு மூச்சு நிறுத்தி, மெதுவா சொல்லும். உனுக்குத் தெரியாதா? நீயும் அத வச்சித்தான் சொல்றேன்னு நெனச்சேன்."

குரோம்பேட்டையில் கூட்டம் இன்னும் ஏறியது.

"இரம், அடுத்தது வாசி" என்றார் ரூக்சார். "அக்கா, நீங்களும் விரல் காட்டுங்க. ஒண்ணுலேர்ந்து அஞ்சு. வாயால சொல்லாதீங்க."

இரம் ஐந்து கேள்விகள் வாசித்தார். ஒவ்வொரு முறையும் கூட்டத்துக்கு நடுவே இரண்டு கைகள் ஒன்றாக உயர்ந்தன. மூன்று விரல், மூன்று விரல். ஒன்று, ஒன்று. நான்கு, நான்கு. நான்காவது கேள்வியில் வண்டி திரிசூலத்தில் நின்றிருந்தது. இரம் இரண்டாவது விடையைச் சொல்லும்போது தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்க, சத்தம் அடங்கட்டும் என்று நிறுத்தி, மறுபடி மெதுவாக வாசித்தார். ரூக்சார் இரண்டு விரல் காட்டினார். சரோஜினியும் இரண்டு. சரியான விடை நான்காவது.

ஐந்தாவது கேள்விக்கும் இருவரும் ஒரே விரல்தான் காட்டினார்கள். அது சரி. தவறிய இடம்கூட இருவருக்கும் ஒன்றே.

"நீ பதில முன்னாடியே பாத்துட்டுதான் வருவியா?" என்றார் ரூக்சார்.

இரம் போனிலிருந்து தலை தூக்கினார். "முந்தின நாள் நைட்டே உக்காந்து நானும் போட்டுப் பாத்துட்டு டிக் அடிச்சி வப்பேன். உனக்கு வாசிக்கும்போது தடுமாறக் கூடாதுல்ல. அதுக்குத்தான்டி."

"பாக்காதது ஒண்ணு எடு."

இரம் வேறொரு பத்தியைத் திறந்தார். கடலடி எரிமலைகள் பற்றியது. விடைப் பக்கத்தைத் தொடவில்லை. கேள்வி வந்ததும் சரோஜினி உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா கண்ணு இது, அல்லாத்தையும் ஒரே மாதிரி வாசிக்கறியே. எனுக்கு ஒண்ணும் தெர்ல."

ரூக்சாரும் விரல் உயர்த்தவில்லை. கேள்விக்கு மட்டுமல்ல, பத்தி என்ன சொன்னது என்பதற்கே அவரிடம் பதில் இல்லை. சற்று முன் கேட்ட வௌவால் பத்தியை நினைத்துப் பார்த்தார். வௌவால் என்ற சொல் மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய வாரத்துப் பத்திகளை நினைத்துப் பார்த்தார். அறுபத்து நான்கில் ஒன்றைப் பற்றிக்கூட முழுசாக ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

கிண்டியில் மூவரும் இறங்கினார்கள். சரோஜினிக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றார். "நா வாய மூடிகினு வந்திருக்கணும். பரீட்ச நேரத்துல பேஜார் பண்ட்டேன்."

"இல்லக்கா. நல்லவேள இன்னிக்கு சொன்னீங்க" என்றார் ரூக்சார்.

நடைமேடை இருக்கையில் தோழிகள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ரூக்சாருக்கு எட்டு மணி ஷிஃப்ட் போய்விட்டது.

"நான் வேணும்னு பண்ணலடி" என்றார் இரம்.

"தெரியும்."

"திட்டவாவது திட்டு."

"திட்டி என்ன ஆகப்போகுது? மூணு மாசமா நான் பாசேஜ கேக்கவே இல்ல. உன் குரலத்தான் கேட்டிருக்கேன். எனக்கே தெரியல பாரு, அதான் பயமா இருக்கு."

"பரீட்ச டேட்ட தள்ளி வச்சிரலாமா?"

ரூக்சார் போனில் பார்த்தார். கிடைத்த அடுத்த இடம் டிசம்பர் 7. மதிப்பெண் அனுப்பப் பத்து நாள் ஆகும். டிசம்பர் 17. இரண்டு நாள் தாமதம்.

தள்ளிவைக்கவில்லை. கையில் இருந்தது பன்னிரண்டு நாள்.

மறுநாளிலிருந்து அவர் தாம்பரத்தில் புறப்படும் காலி வண்டியில் ஏறி, சன்னல் ஓரம் உட்கார்ந்து, தானே படித்தார். முதல் நாள் தாம்பரத்திலிருந்து கிண்டிவரை ஒரே ஒரு பத்திதான் முடிந்தது. ஒரு வாக்கியத்தின் நடுவில் என்ன படித்தோம் என்று மறந்து பத்தியின் தொடக்கத்துக்குப் போய், மறுபடி படித்தார். மூன்றாம் நாள் கிண்டியைக் கவனிக்காமல் சைதாப்பேட்டைவரை போய்விட்டார். பின்னால் வரும் வண்டியிலிருந்து இரம் செய்தி அனுப்புவார்: "எவ்ளோ?" பதில் ஒரு நாள் "நாலுக்கு ஒண்ணு", இன்னொரு நாள் "நாலுக்கு ரெண்டு". சரோஜினியும் விசாரிக்கச் சொன்னதாக ஒரு நாள் கூடுதலாக ஒரு வரி வந்தது. "அக்கா சொல்றாங்க, அவங்களும் இப்ப சும்மாதான் வராங்களாம், பொழுது போகலையாம்."

பட்டறையில் உமர் தானாகவே காலை ஏழு மணிவரை சுத்தியலைத் தொடாமல் இருக்கப் பழகினார். அந்த அரை மணி நேரத்தில் நுரை ஷீட்டை வெட்டும் வேலை மட்டும்.

நவம்பர் 16 அன்று தேர்வு மையத்தில் கணக்குப் பகுதி எளிதாகப் போனது. ஆங்கிலப் பகுதியின் கடைசிப் பத்தியில் நேரம் தீர்ந்தது. இரண்டு கேள்விகளுக்குப் படிக்காமலேயே விடையைத் தட்டினார். மதிப்பெண்ணைப் பார்க்க விருப்பமா என்று திரை கேட்டது. ஆம் என்றார். கணக்கு 166. ஆங்கிலம் 151.

அந்தப் பக்கம் தானாக மாறும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளில் எட்டு எண் ஏறியிருக்கிறது என்பது அப்போது தோன்றவில்லை. நான்கு குறைகிறது என்பதுதான் தெரிந்தது. வெளியே காத்திருந்த உமர் கேட்பதற்கு முன்பே ரூக்சார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"தப்பா காட்டுதாமா?"

"இல்ல அத்தா. இது சரியாத்தான் காட்டுது."

துறைக்கு எழுதிப் பார்த்தார். நான்கு எண்தானே, ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தார். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது. இந்த ஆண்டுப் பட்டியலில் 155-க்குக் கீழே யாரையும் சேர்ப்பதற்கில்லை, அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கலாம்.

ரூக்சார் பிப்ரவரி 8-ஆம் தேதி மறுபடியும் தேர்வு எழுதுகிறார்.